ஸ்ட்ராட்டஜி கேம் ஆடும் பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் மணி எட்டு அடித்தால் கம்ப்யூட்டரை நானே அணைத்துவிடுவேன். மகன் கண்கலங்கி உட்கார்ந்திருப்பான். அது தவறு என்று பிறகுதான் புரிந்தது. அவன் ஆடுவது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2', பொருள் சேர்த்து, படை திரட்டி, யோசித்து ஆடுகிற ஸ்ட்ராட்டஜி கேம். அதில் ஒரு ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகும். பாதியில் நிறுத்தினால், தான் போட்ட கணக்கு சரியா தப்பா என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். "இன்றைக்கு ஒரு ஆட்டம்தான்" என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, "ஜெயித்தாயா?" என்று மட்டும் கேட்பது. அந்த ஆட்டம் வழக்கமாக 200 உணவோடு தொடங்கும். ஒரு வேலையாளுக்கு 50 செலவாகும். அடுத்த யுகத்துக்குப் போக 500 வேண்டும். ஆளைப் பெருக்குவதா, சேர்த்துவைப்பதா என்று பிள்ளை யோசிக்கிற இடம் அதுதான். "கட்டடம் கட்டுகிற விறகு எப்போது தீர்ந்தது? அப்போது என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். தோற்ற ஆட்டத்தில் இதற்கு இன்னும் நல்ல பதில் வரும்.

இருப்பதைப் பார்த்துச் செலவழிக்கிற இந்தக் கணக்குக்கு நம் பக்கத்தில் உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நம் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வரவேண்டும் என்பது ஒப்பந்தம். எந்த மாதம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துத்தானே இரண்டாம் போகத்தில் இறங்குகிறோம்? பிள்ளையை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆட்டத்தில் பழகியது தானாக வயலுக்கோ பாடத்துக்கோ வந்துவிடாது, பேசினால்தான் வரும்.

எல்லா கேமும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' போன்ற போன் ஆட்டங்களில் பெரிய கட்டடம் எழும்ப நாள்கணக்கில் ஆகும், காசு கொடுத்து ஜெம் (ஆட்டத்துக்குள் செல்லும் நாணயம்) வாங்கினால் உடனே முடியும். அங்கே பொறுமையைவிட பணத்துக்கு வேகம் அதிகம். போனில் பணம் கட்டும் வழியைப் பூட்டிவையுங்கள்.

அப்புறம், ஆட்டத்தில் வருவதெல்லாம் வரலாறு என்று பிள்ளை நம்பினால் அப்படியே விட்டுவிடாதீர்கள். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'க்கு 2022இல் வந்த கூடுதல் இணைப்பில் ராஜேந்திர சோழன் கதை இருக்கிறது, உறுமி வீசும் வீரர்களும் உண்டு. தமிழில் உறுமி மேளம், மலையாளத்தில் அது சுருள்வாள். இரண்டு மொழியும் பேசும் நம் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னாலே கண் விரியும். "சோழர் கப்பல் போன கடாரம் எங்கே இருக்கிறது?" என்று என் மகன் கேட்ட அன்று ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவே தேவைப்படவில்லை. அட்லஸை எடுத்து மலேசியாவில் கெடாவைத் தேடினோம்.