குளிரூட்டப்படும் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறை வெப்பநிலையில் உள்ள பொருள்கள் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டியே மிக வலுவாகக் கதிர்வீசுவதால், குளிர்விக்கப்படாத தொலைநோக்கியில் தொலைதூர விண்மீன் திரளின் மங்கிய ஒளி அக்கருவியின் சொந்த வெப்பத்திலேயே மூழ்கிவிடும். இது தெரிந்திருந்தும், ஒளியியலை முடித்துவிட்டுக் குளிரூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதுதான் மிகப் பெரிய தவறு. சுற்றுப்பாதையைத் தேர்வதும் குளிரூட்டலின் ஒரு பகுதியே. 2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி, பூமியின் வெப்பம் எட்டாதபடி அதைப் பின்தொடர்ந்து சூரியனைச் சுற்றியது. அதன் தொலைநோக்கியும் அறை வெப்பநிலையிலேயே ஏவப்பட்டு விண்வெளியில் பெருமளவு தானாகவே குளிர்ந்தது. அதனால்தான் குளிர்பொருளாக எடுத்துச் சென்ற ஏறத்தாழ 360 லிட்டர் திரவ ஹீலியம் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

வெப்பக் கசிவைக் கணக்கிடுவோர் தாங்குகால்களை மறப்பதில்லை; மின்கம்பிகளைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வெறும் 10 மில்லிவாட் கசிவே ஓராண்டில் சுமார் 100 லிட்டர் ஹீலியத்தை ஆவியாக்கிவிடும் என்பதை நினைத்தால், உணரிகளுக்குச் செல்லும் ஒவ்வொரு செம்புக் கம்பிக்கும் பதிலாக, வெப்பத்தை எளிதில் கடத்தாத உலோகக் கலவையில் நீண்ட மெல்லிய கம்பியைப் போட முடியுமா என்று கேட்டாக வேண்டும்.

அறையில் அளந்த வடிவத்தை நம்புவதும் தவறே. ஒரு மீட்டர் அலுமினியத் தண்டு திரவ ஹீலியத்தின் கடுங்குளிர் வெப்பநிலைக்கு இறங்கும்போது நான்கு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பெரிலியம் ஆடித்துண்டுகளைக் குளிரில் அளந்து, அங்கு தெரிந்த நெளிவைச் சரிசெய்யும் வகையில் மறுபடியும் மெருகேற்றினார்கள். செலவைக் காட்டி, குளிரில் அளந்து மறுபடி மெருகேற்றும் இந்தச் சுற்றை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

வெளிவெப்பம் உள்ளே புகாமல் தொலைநோக்கியை அடைத்திருக்கும் மூடியைத் திறக்கும் மின்சுற்றைக் குளிரூட்டலோடு தொடர்பற்றதாகக் கருதுவதன் விளைவை 1999 மார்ச்சில் ஏவப்பட்ட வயர் (WIRE) என்ற விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. அதன் மின்னணுப் பெட்டிக்கு மின்சாரம் தரப்பட்ட கணத்தில் எழுந்த கணநேர மின்சமிக்ஞை, மூடியை உரிய நேரத்துக்கு முன்பே கழற்றிவிட்டது. உள்ளே புகுந்த வெப்பத்தில் திட ஹைட்ரஜன் வேகமாக ஆவியாகி, வெளியேறிய வாயுவே விண்கலத்தைச் சுழற்றியது. சில நாள்களில் குளிர்பொருள் முழுவதும் தீர்ந்து, திட்டமிட்ட அகச்சிவப்பு ஆய்வு தொடங்காமலே போயிற்று. ஆகவே, மூடி, வால்வு ஆகியவற்றின் மின்சுற்றுகள் நிலையாக இயங்கும்போது சரியாக உள்ளனவா என்று பார்ப்பதோடு நில்லாமல், மின்சாரம் பாயத் தொடங்கும் முதல் மில்லி விநாடிகளில் அவை என்ன செய்கின்றன என்பதையும், விண்ணில் பறக்கப்போகும் அதே பாகங்களை இணைத்தே சோதிக்க வேண்டும்.