கல்யாணப் புடவையோடும் பூவோடும் விமானம் ஏறுமுன்: கடலூர், புதுச்சேரி உறவுகளுக்கு

கடலூரிலோ புதுச்சேரியிலோ கல்யாணச் சாமான் வாங்கிக்கொண்டு ஐரோப்பாவில் கல்யாணம் நடத்தப் போகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது, பூ போகாது என்பதுதான். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து வரும் பூ, இலை, காய், கனி எதுவானாலும், புறப்பட்ட நாட்டின் அரசு கொடுத்த தாவர நலச் சான்றிதழ் கூடவே இருக்க வேண்டும். வியாபாரச் சரக்குக்கு மட்டுமல்ல, பயணி தன் பையில் வைத்துக்கொண்டு வரும் ஒரு முழம் மல்லிக்கும் இதே சட்டம்தான். சான்றிதழ் வேண்டாம் என்று விலக்குப் பெற்றவை ஐந்தே கனிகள்: அன்னாசி, தேங்காய், துரியான், வாழைப்பழம், பேரீச்சை. தாம்பூலத் தட்டில் தேங்காயும் பழமும் தப்பிக்கும். வெற்றிலையும் மாவிலையும் மாலையும் தப்பாது. ஆஸ்திரேலியா போகிறவர்கள் பூவோ இலையோ இருந்தால் பயணிப் படிவத்தில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும்.

இதைச் சட்டமாகச் சொல்வது எளிது. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வயதான ஒரு பெண்மணியிடம் சொல்வதுதான் கடினம். அக்கா மகளுக்குப் பாரிசில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்களையெல்லாம் தூக்கி வளர்த்த பெரியத்தைக்கு விசா கிடைக்கவில்லை. மறுப்புக் கடிதத்தில் இருந்த காரணத்தை எத்தனை விதமாக விளக்கியும் அவர் மனம் ஆறவில்லை. கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோளைப் பிடித்துக்கொண்டார். "என்னத்தான் வர வேணாம்னு சொல்லிட்டாங்க தம்பி. என் கையால கட்டுன பூவ வேணாம்னு எவன் சொல்லுவான்?" என்றார். அங்கே பூவையும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று நான் சொன்னேன். கூடத்திலிருந்த ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. ஊரை விட்டுப் போனவனுக்கு, ஊரிலேயே இருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டவரை மறுத்துப் பேசும் உரிமை எவ்வளவு என்பதை அந்த மௌனமே சொல்லிவிட்டது.

இந்த நேரத்தில்தான், டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் முகவர் ஒருவர் வழி சொல்ல வந்தார். கோயில் பிரசாதம் என்று ஒரு கடிதம் அச்சடித்துப் பூக்கடை ரசீதையும் சேர்த்து வைத்துவிட்டால் எந்த நாட்டிலும் கேட்கமாட்டார்கள் என்று அடித்துச் சொல்லி, அதற்கு ஒரு கட்டணமும் வாங்கிக்கொண்டார். இப்படிச் சொல்கிறவர்களை நம்பவே நம்பாதீர்கள். தாவர நலச் சான்றிதழை ஏற்றுமதியாளர்கள் ஃபைட்டோ என்று சுருக்கிச் சொல்வார்கள். அதை மத்திய அரசு அதிகாரம் அளித்த தாவரத் தடுப்புக்காப்பு (குவாரண்டைன்) அதிகாரிகள், பொருளை நேரில் பரிசோதித்துத்தான் கொடுக்க முடியும். கோயில் சீட்டோ, கடை ரசீதோ, பஞ்சாயத்துக் கடிதமோ அதற்கு ஈடாகாது. வயதானவர்களின் ஆசையைக் காசாக்குவதற்கென்றே ஊருக்கு ஊர் இப்படிச் சிலர் இருப்பது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தருகிறது.

புறப்படும் நாளன்று பெரியத்தை விடியற்காலையிலேயே மொட்டு வாங்கிவரச் செய்து, வாழைநாரைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டு கட்டத் தொடங்கினார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நடுவில் நாரை ஒரு சுற்றுச் சுற்றி விரலில் மாட்டி இழுத்து முடிச்சு. காம்பு நசுங்காத, அடுத்த முடிச்சுக்கு இடைவெளி விடாத, நெருக்கமான கட்டு அவருடையது. கட்டி முடித்ததை வாழையிலையில் சுருட்டி, ஈர மல் துணியில் சுற்றி, ஐஸ் பைகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பெண்ணின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

மல்லி எத்தனை நேரம் தாங்கும் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மல்லியை விடியலில் மொட்டாகப் பறிக்கிறார்கள்; அன்று மாலையே அது மலரும்; மலர்ந்த பிறகுதான் மணம். மறுநாள் காலைக்குள் இதழோரம் பழுப்பேறத் தொடங்கிவிடும். கடலூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச்சேர, மரக்காணம் வழியாகக் கடற்கரைச் சாலையில் போனாலும் திண்டிவனம் வழியாகப் போனாலும், ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் விமான நிலையக் காத்திருப்பு, இரவுப் பயணம், நடுவில் விமானம் மாறுதல் எல்லாம் சேரும். கல்யாணம் மறுநாள் என்றால், மணப்பெண் தலையில் ஏறும்போது பூவுக்கு இரண்டு நாள் வயதாகியிருக்கும். அயல்நாட்டு மலர் அங்காடிக்குப் போகும் மல்லி, பறித்த சில மணி நேரத்திலேயே குளிரூட்டப்பட்டு, சரக்காகவே பதிவாகி, சான்றிதழோடு போகிறது. வீட்டில் கட்டிய பெட்டிக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. பெட்டியைக் கையில் கொண்டுபோக நினைத்தாலும், உருகிய ஐஸ் பையைப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கொள்வார்கள்.

நாங்கள் முதலில் இறங்கிய ஐரோப்பிய விமான நிலையத்தில், பூ இருப்பதைத் தெரிவித்துச் சுங்கத்தின் சிவப்பு வழியில் நான் போனேன். அங்கிருந்த அதிகாரி பெண்மணி மரியாதையாகவே நடந்துகொண்டார். டேப்பை அறுத்து மூடியைத் திறந்தபோது வாழையிலை கறுத்திருந்தது. உள்ளே மல்லி முழுவதும் மலர்ந்து அந்த மேசை முழுக்க மணத்தது. அவர் ஒரு கணம் குனிந்து முகர்ந்துவிட்டுச் சான்றிதழ் கேட்டார். அந்தப் பிரசாதக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பூவை அழிப்பதற்கான பையில் போட்டு, ஒரு படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாங்களாகவே தெரிவித்ததால் அபராதம் இல்லை. ஆனால் அதற்குள் அடுத்த விமானம் போய்விட்டது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் மணப்பெண்ணின் புடவைப் பெட்டியோடு அந்தக் கூடத்திலேயே மாலை வரை உட்கார்ந்திருந்தோம்.

கல்யாணத்தன்று பெண் வைத்துக்கொண்டது பாரிசின் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடையில் வாங்கிய சரம். பூ நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று அக்கா பெரியத்தையிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். படங்களைப் பார்த்த பெரியத்தை, "பூ நல்லாத்தான் இருக்கு, ஆனா இது என் கட்டு இல்லியே" என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

புடவைக்கு வருவோம். கூறைப்புடவை, தாலி, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி ஆகியவற்றைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். ஒருவரின் கைப்பெட்டியை அவற்றுக்கென்றே ஒதுக்குங்கள். கைப்பெட்டிக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோதான் அனுமதிக்கின்றன; கனத்த சரிகைப் புடவை ஒன்றே ஏறக்குறைய ஒரு கிலோ வரும் என்பதால் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். சரிகையில் மடிப்பு விழுந்த இடம்தான் முதலில் விரிசல் விடும். கடையில் மடித்துத் தந்த மடிப்பிலேயே பயணம் முழுவதும் அழுத்திக் கிடக்க விடாமல், பிரித்து வேறு மடிப்பாக்கி, துவைத்த மல் துணியில் தளர்வாகச் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டையைப் பட்டோடு சேர்க்கவே வேண்டாம். ரவிக்கையைக் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் தைக்கக் கொடுப்பதானால், பிரித்துவிட இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விடச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு தளர்த்திக் கொடுக்கத் தையல்காரர் கிடைப்பது அரிது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஒரு பெட்டி வராமல் போகலாம். அப்போது விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெட்டி வரவில்லை என்று எழுத்தில் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு மான்ட்ரியல் உடன்பாட்டின்படி, சேதமானால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமானால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அந்தத் தொகைக்குள் நல்ல காஞ்சிப் பட்டு ஒன்றிரண்டுதான் அடங்கும். அதற்கு மேல் மதிப்புள்ளதைச் சரக்கறைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது இன்னொரு கணக்கும் உண்டு. விமானத்தில் வரும் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய புதுப் பொருள்களின் மதிப்பு 430 யூரோ. ஒரே புடவையின் விலையை இருவர் பங்காகப் பிரித்துக் காட்டவும் முடியாது. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

வரிசைத் தட்டுச் சாமான்களில் உறவினர்கள் நம் பெட்டிக்குள் செருகிவிடும் சில பொருள்களை நீங்களே ஒருமுறை தேடி எடுத்துவிடுங்கள். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். எந்தப் பெட்டியிலும் கூடாது. கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமான ஆபத்துப் பொருள் பட்டியலிலேயே இருக்கிறது. முழுத் தேங்காயை இந்திய விமான நிலையங்களில் பொதுவாகக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். பன்னீர்ப் புட்டியும் குழைத்த சந்தனமும் கைப்பெட்டியில் 100 மில்லிக்கு மேல் கூடாது. மணவறை அலங்காரத்துக்கென்று மயிலிறகு கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். அதை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. மொய்யாக வந்த இந்திய நோட்டுகளும் ஒருவருக்கு 25,000 ரூபாய்க்கு மேல் கையில் போகக் கூடாது.

நகையைப் பற்றி அங்கிருந்து வருகிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை தேவை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டு வரும் பெண்ணுக்கு 40 கிராமும் ஆணுக்கு 20 கிராமும்தான் தீர்வையற்ற நகை. அதாவது ஐந்து பவுனும் இரண்டரைப் பவுனும். கழுத்தில் கிடக்கும் தாலிக்கொடியே பலருக்கு அதைத் தாண்டிவிடும். இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சென்னையில் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவானது. நீதி கிடைத்தது, ஆனால் வழக்காடித்தான் கிடைத்தது. நகையோடு இந்தியாவிலிருந்து போய்த் திரும்பி வரப்போகிறவர்கள், போகும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொண்டால், வரும்போது இந்தத் தொல்லை இருக்காது.

இனி, வர முடியாத பெரியவர்களின் மனக்குறை. அதற்குப் பெட்டியில் வழியில்லை. நாளில்தான் வழி உண்டு. மணப்பெண்ணைச் சில நாள் முன்னதாகவே ஊருக்கு அழைத்துவந்து, புறப்படும் முன் வீட்டிலேயே பூ முடித்தல் சடங்கை நடத்திவிடுங்கள். விசா கிடைக்காதவர், முழங்கால் வலியால் எழ முடியாதவர், கைம்பெண் என்று ஒதுங்கி நிற்பவர் என்று எல்லாரும் தங்கள் கையால் பெண்ணின் தலையில் பூ வைக்கட்டும். கூறைப்புடவையைத் தொட்டுக் கொடுக்கட்டும். கோயிலில் வைத்துச் செய்ய விரும்பினால் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் சன்னிதி இருக்கிறது. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் மணமக்கள் கூட்டம் நிற்க இடம் தராது. அங்கே சாதாரண நாளாகப் பாருங்கள். பெண்ணுக்கு விடுப்புக் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். மண்டபம் பிடிக்கும்போது காட்டும் அக்கறையை இதற்கும் காட்டினால் நாள் கிடைக்கும். அங்கே கல்யாணத்தன்று போட வேண்டிய மாலையை அந்த ஊர்த் தமிழ்க் கடையில் முன்பே சொல்லிவையுங்கள். ஊரிலிருந்தே ஒன்று போக வேண்டும் என்றால் பட்டுநூலில் கட்டிய மாலையோ மணி மாலையோ தடையில்லாமல் போகும்.

இங்கே பூ முடிப்பதற்கு வேண்டிய பூவைப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ கடலூர்ப் பூக்கடைகளிலோ முந்தின நாளே சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லி வரத்து குறைந்து விலை பல மடங்கு ஏறும். தை முகூர்த்தக் காலையில் கேட்டால் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. அந்த மாதங்களில் முல்லையும் காக்கரட்டானும் கனகாம்பரமும் கலந்து கட்டச் சொல்லலாம். உதிரியாக வாங்கி வீட்டில் கட்டக்கூடிய கை இருந்தால், கட்டிய சரத்தை வாங்காமல் உதிரியாகவே வாங்குங்கள்.