ஸ்பிரிங் மாத்தினா ஷாக்கையும் சரி பாருங்க

4 கிலோ ஸ்பிரிங்கை எடுத்துட்டு 6 கிலோ (1 மி.மீ. அமுங்க 6 கிலோ) போட்டா விறைப்பு ஒன்றரை மடங்கு. டேம்பிங் (ஸ்பிரிங்கோட ஆட்டத்தை ஷாக் அப்சார்பர் அடக்குற அளவு) அந்த அளவு ஏற வேண்டாம். வண்டி எடை மாறலை, அதனால வர்க்கமூலக் கணக்கு (1.5-ஓட வர்க்கமூலம் சுமார் 1.22): சுமார் 22 சதவீதம் கூட்டினா போதும். முதல்ல ரீபவுண்டை (ஷாக் விரியும்போது வேலை செய்ற டேம்பிங்) கூட்டுங்க; அமுங்கின ஸ்பிரிங் திரும்பித் தள்ளுறதை அடக்குறது அதுதான்.

பழைய ஷாக்கையே விட்டா, ஏற்காடு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தெரிஞ்சிடும்: வளைவு முடிஞ்சு நிமிரும்போது வண்டி ரெண்டு மூணு ஆட்டம் போடும், டயர் பிடி விட்டு விட்டு வரும். அதுக்காக ரீபவுண்டை முழுசா இறுக்கிடாதீங்க. நிறைய பேர் பண்ற தப்பு இது. அடுத்தடுத்த மேடுகள்ல ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காம வண்டி தாழ்ந்துக்கிட்டே போய் பம்ப் ஸ்டாப்ல (ஷாக் முழுசா அமுங்கும்போது தடுக்குற ரப்பர்) இடிக்கும்.

ஷாக்கோட ரீபவுண்ட் நாப்பை (திருகுற குமிழ்) மெதுவா கடைசி வரை இறுக்கி மூடி, அங்கிருந்து கிளிக் எண்ணித் திறங்க. ஒரு தடவைக்கு ரெண்டு கிளிக், இடது வலது ஒரே எண்.

ராட் (ஷாக்குக்குள்ள போய் வர்ற தண்டு) வெளியே தெரியுற ஷாக்கா? ராடில் கேபிள் டை கட்டி, ஷாக் உடம்பை ஒட்டித் தள்ளி வைங்க. அடிவாரத்திலிருந்து ஏறி இறங்கினதும் டை நகர்ந்த தூரத்தை அளங்க. பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தா ரீபவுண்டை ரெண்டு கிளிக் தளர்த்திப் பாருங்க.