விக்டோரியா என்றால் எந்த விக்டோரியா?

மெய்ப்புத் திருத்துவதே பிழைப்பாகிவிட்ட எனக்குப் பொது அறிவுக் கையேடுகள் என்றால் கொஞ்சம் பயம். ஒரு கையேட்டின் மெய்ப்பில் “செஷல்ஸின் தலைநகர் விக்டோரியா” என்று இருந்தது. சரிதான். அடுத்த வரி, “இது விக்டோரியா ஏரிக்கரையில் அமைந்துள்ளது.” ஏரி கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் இருக்கிறது. நகரமோ அந்தக் கண்டத்தின் கரையிலிருந்து ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் கிழக்கே, இந்தியப் பெருங்கடல் தீவு ஒன்றில். விக்டோரியா அருவி இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் கொட்டுகிறது. மூன்றுக்கும் பொதுவானது ஒரு மகாராணியின் பெயர் மட்டுமே.

தீவின் பெயர் அடுத்த பொறி. நகரம் இருக்கும் தீவு மாஹே. புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த, கேரளக் கரையில் உள்ள மாஹேயும் தமிழில் அதே எழுத்துகள்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, செஷல்ஸிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் வெளியேறினார்கள் என்று எழுதியவர் உண்டு. செஷல்ஸ் 1814-ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்திலேயே பிரிட்டன் கைக்குப் போய்விட்டது. இந்தத் தீவுக்குப் பெயர் தந்தவர் அப்போது மொரீஷியஸ் ஆளுநராக இருந்த மாஹே த லபூர்தொனே. அவர் அனுப்பிய லசார் பிக்கோ 1742-இலும் 1744-இலும் வந்து தீவைப் பார்த்து, இரண்டாம் முறை ஆளுநரின் பெயரைச் சூட்டினார். யார் இந்த லபூர்தொனே என்று யோசிக்க வேண்டாம். 1746-இல் கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தாரே, அவரேதான்.

நகரம் உருவான ஆண்டு எது? இந்தக் கேள்விக்கு ஐந்தாறு விடைகள் உலவுகின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்குச் சரி, நகரத்துக்குச் சரியல்ல. 1756-இல் மோர்ஃபி என்ற அதிகாரி பிரெஞ்சு அரசின் உரிமையை அறிவிக்கும் கல்லை நாட்டினார். அந்தக் கல் இன்றும் விக்டோரியாவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு நிதியமைச்சர் மொரோ த செஷலின் பெயர் தீவுகளுக்கு வந்ததும் அப்போதுதான். ஆனால் கல்லைப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. 1770-இல்தான் முதல் குடியேற்றம். அதுவும் மாஹேயில் அல்ல, எதிரே தெரியும் சேன்ட் ஆன் என்ற குட்டித் தீவில். வந்த 28 பேரில் 15 பேர் வெள்ளையர்கள், 7 பேர் அடிமைகள், 5 பேர் இந்தியர்கள், ஒரு கறுப்பினப் பெண். ஆகவே “பிரெஞ்சுக்காரர்கள் பூர்வகுடிகளை விரட்டிவிட்டு நகரை அமைத்தார்கள்” என்று எழுதாதீர்கள். விரட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. இருந்தவை ராட்சத ஆமைகளும் மரங்களும். அவற்றைக் கப்பல்காரர்கள் கண்டபடி வாரிக்கொண்டு போனதைத் தடுக்கவும் சேர்த்துத்தான் 1778-இல் மாஹேயில் ஒரு சிறு அரசு முகாம் போட்டார்கள். பெயர் ‘அரசரின் குடியிருப்பு’. நகரத்தின் பிறப்பு அதுதான். 1978-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடி, மூன்று கண்டங்களைக் குறிக்கும் வெள்ளைச் சிறகுகளை நினைவுச் சின்னமாக எழுப்பியதும் இந்தக் கணக்கில்தான். விக்டோரியா என்ற பெயர் 1841-இல் வந்தது.

பிரிட்டிஷ் குடியேற்றம், ஆகவே ஆங்கில ஊர் என்று நினைப்பதும் தவறு. இதற்குப் பாதிக் காரணம் கேன்சி என்ற கடைசி பிரெஞ்சு ஆளுநர். 1794-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்து நின்றதும் மனிதர் சண்டை போடாமல் சரணடைந்தார். கப்பல்கள் போனதும் வாழ்க்கை பழையபடி. இன்னொரு கப்பல் வந்தால் இன்னொரு சரண். கோழைத்தனம் என்பவர்கள் சொல்லட்டும், ஊர் தீப்பிடிக்காமல் பிழைத்தது. பிரிட்டிஷார் கடைசியில் வந்து அமர்ந்தபோதும் அவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள். மொழியும் கத்தோலிக்க மதமும் சிவில் சட்டமும் அப்படியே நீடித்தன. மக்கள் வீட்டில் பேசுவது கிரியோல். அதை ‘கொச்சை பிரெஞ்சு’ என்பது வழக்கமாகிவிட்ட தவறு. அதற்குத் தனி இலக்கணமும் எழுத்துமுறையும் உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சோடு அதுவும் ஆட்சிமொழி.

நகரின் நடுவில் நாற்சந்தியில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. வெள்ளி நிறம் பூசிய வார்ப்பிரும்பு. மெலிந்த உடல், நாலு பக்கமும் கடிகார முகம், சுற்றிலும் வண்டிகள். பயணக் கட்டுரைகளில் பாதி இதை லண்டன் ‘பிக் பென்’னின் சிறு நகல் என்கின்றன. இல்லை. லண்டனில் விக்டோரியா ரயில் நிலையத்துக்கு வெளியே தெருவோரம் ‘லிட்டில் பென்’ என்று ஒரு சின்னக் கூண்டு உண்டு. அதைப் பார்த்துச் செய்தது இது. 1901-இல் காலமான மகாராணியின் நினைவுக்காக வரவழைத்து 1903 ஏப்ரலில் திறந்தார்கள். மொரீஷியஸிலிருந்து பிரிந்து செஷல்ஸ் தனிக் குடியேற்ற நாடானதும் அதே ஆண்டு. கப்பலிலிருந்து இறக்கும்போது கடிகாரத்தின் ஊசல் கடலில் விழுந்துவிட்டது, அதனால்தான் பல காலம் மணி ஒலிக்கவே இல்லை என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

புவியியலில் அடிக்கடி வரும் பிழை, மாஹேயைப் பவளத்தீவு அல்லது எரிமலைத்தீவு என்பது. அது கருங்கல் தீவு. ஏறக்குறைய 75 கோடி ஆண்டுப் பழமையான பாறை. இந்தியா வடக்கே நகர்ந்தபோது நடுக்கடலில் பின்தங்கிவிட்ட கண்டத் துண்டு. நகருக்குப் பின்னாலேயே ‘மூன்று சகோதரர்கள்’ மலை 699 மீட்டருக்குச் செங்குத்தாக எழுகிறது. 1862 அக்டோபரில் பெருமழையில் அந்தச் சரிவு இளகி, சேறும் பாறையுமாக ஊரின் மேல் இறங்கியது. ‘லாவலாஸ்’ என்கிறார்கள். தட்டையான இடம் குறைவு, அதனால் ஊர் கடலைத் தூர்த்துத் தூர்த்தே வளர்ந்தது. துறைமுகப் பக்கத்துத் தரையில் பெரும்பகுதி ஒரு காலத்தில் தண்ணீர். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றைய கடற்கரையைத் தேடினால் கிடைக்காது.

நகரத்துக்குள் குளிக்கத்தக்க கடற்கரை தேடுவதும் வீண்; போ வல்லோன் கடற்கரை இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். தாவரவியல் தோட்டத்தில் இரட்டைத் தேங்காய் மரங்களையும் ஆமைகளையும் பார்க்கலாம். ஆனால் அந்த மரம் இயற்கையாக வளர்வது பிராலேன், க்யூரியஸ் தீவுகளில் மட்டுமே. அந்த ஆமைகளின் தாயகமான அல்டாப்ரா தீவு 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால்.

கடைசியாக நம் ஆட்களைப் பற்றி. மொரீஷியஸைப் போல இங்கேயும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக வந்தார்கள் என்று எழுதிவிடுகிறோம். இங்கு வந்தவர்களில் முக்கியமானவர்கள் வணிகர்கள். கடைப் பலகைகளில் ‘பிலே’ என்று படித்துவிட்டு பிரெஞ்சுப் பெயர் என்று கடந்துபோகாதீர்கள், அது பிள்ளை. 1992-இல் அவர்கள் எழுப்பிய அருள்மிகு நவசக்தி விநாயகர் கோயிலில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். கோபுரம் நிற்கும் தெருவுக்கு, திரும்பத் திரும்பச் சரணடைந்த அந்த ஆளுநரின் பெயர்: கேன்சி தெரு.