ஈர்க்கில் ஒரு பனைமட்டை வேலி: மாடல் ரயில் லேஅவுட்டுக்கு

தண்டவாளம், ஸ்டேஷன், தென்னை எல்லாம் வைத்த பிறகும் லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடும் குட்டி நிலக்காட்சி, எந்த ஊர் என்று சொல்ல முடியாமல் நிற்கும். வேலியை வைத்துவிட்டால் ஊர் தெரிந்துவிடும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் வேலிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வீடுகளுக்கானவை. நாகர்கோவில், இரணியல், குழித்துறை என்று போகும் பாதையைச் செய்கிறவருக்கு அவை ஒட்டாது. நமக்கு வேண்டிய பனைமட்டை வேலியை வீட்டுத் துடைப்பத்திலிருந்தே செய்யலாம்.

முதலில் அளவு. எச்ஓ (HO) என்னும் மாடல் ரயில் அளவு என்றால் 1:87, அதாவது அசலின் 87-ல் ஒரு பங்கு. 1.2 மீட்டர் உயர வேலி 14 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 2 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் இடைவெளி 23 மில்லிமீட்டர். 12 சென்டிமீட்டர் அகல மட்டை 1.4 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஈர்க்கின் அடிப்பகுதியை நெடுக்காகப் பிளந்தால் ஏறக்குறைய இந்த அகலம் கிடைக்கும். தூணுக்குத் தீக்குச்சி போதும். அதன் நான்கு மூலைகளையும் பிளேடால் சுரண்டி உருட்டையாக்கிக்கொள்ளுங்கள். மண்ணில் புதைக்க 6 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

ஈர்க்கைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் பிளவு நேராகப் போகும். மேல்தோல் வழுவழுப்பானது, சாயம் பிடிக்காது. உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். துண்டுகளை 13, 14, 15 மில்லிமீட்டர் என்று கலந்து வெட்டுங்கள். எல்லாம் ஒரே உயரமாக இருந்தால் சீப்பு போலத் தெரியும்.

அடுத்தது சாயம். ஒட்டுவதற்கு முன்பே சாயம் ஏற்றுவதுதான் இதில் முக்கியம். ஃபெவிகால் பட்ட இடத்தில் சாயம் இறங்காது, வெளுத்த திட்டாக நிற்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வினிகர் ஊற்றி அதில் ஸ்டீல் வூல் (பஞ்சு போன்ற மெல்லிய இரும்பு இழை) போட்டு ஓரிரு நாள் வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பி நார் இதற்கு உதவாது, கரையவே கரையாது. ஹைட்ரஜன் வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்காதீர்கள். குழந்தைகள் கை எட்டாத, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி வைக்கவும். இரும்பு கரைந்த பிறகு வடிகட்டுங்கள். இனி மட்டைகளையும் தீக்குச்சிகளையும் நல்ல கடுப்பமான கட்டன்சாயாவில் (பால் சேர்க்காத தேநீரில்) ஊறவைத்துக் காயவிட்டு, அதன் மேல் இந்தக் கரைசலைத் தடவுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானினோடு இரும்பு சேரும்போது மரம் சாம்பலும் கறுப்புமாக மாறும். தடவியதும் முழு நிறம் தெரியாது, காயக் காயத்தான் கூடும். அதனால் ஒரு துண்டில் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். சிலவற்றுக்கு ஒருமுறை, சிலவற்றுக்கு இரண்டுமுறை, நாலைந்துக்கு வெறும் சாயா மட்டும். உடைந்த மட்டையை எடுத்துப் புதிது செருகிய வேலி அப்படித்தான் இருக்கும்.

காய்ந்ததும் சேர்க்கலாம். தாளில் 9 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, மெல்லிய ஈர்க்கு நுனிகளை அவற்றின் மேல் லேசாக ஒட்டிவையுங்கள். இவைதான் குறுக்குக் கம்புகள். குண்டூசி முனையால் பசை தொட்டு, மட்டைகளை நெருக்கமாக நிறுத்திக்கொண்டே போங்கள். தூண்கள் பின்பக்கம். கறுப்பு நூலில் ஒவ்வொரு தூணிலும் ஒரு சுற்றுச் சுற்றினால் கயிற்றுக்கட்டு வந்துவிடும்.

இனிப் பழசாக்க வேண்டும். பலர் இங்கே வேலி முழுக்க ஒரே அழுக்குத் தண்ணீரை அடித்துவிடுகிறார்கள். வேலி ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு காரணத்தால் பழசாகிறது. அதனால் தூரிகை எடுப்பதற்கு முன் உங்கள் லேஅவுட் எந்த இடம், மேற்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். அங்கே நிற்கும் வேலி கிழக்கே சாயட்டும், அதுவும் எல்லாத் தூணும் ஒரே அளவில் சாயாமல். மழை கூடுதலான குழித்துறைப் பக்கம் என்றால் செம்மண். மண்ணை மெல்லிய துணியில் சலித்து, தண்ணீரில் மிகக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, வேலியின் அடியில் 3 மில்லிமீட்டர் உயரம்வரை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தெறிக்கவிடுங்கள். மழைத்துளி மண்ணைத் தெறித்த கறை அது, மேலே போகப்போகக் குறைய வேண்டும். நிழல் விழும் பக்கத்தில் அடர்பச்சையை ஒற்றிப் பாசி காட்டலாம். வெயில் படும் மேல்நுனிகளில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்சாம்பலை ஒருமுறை இழுத்தால் போதும்.

கடற்கரையோர ஊரைச் செய்கிறீர்கள் என்றால் பக்கத்தில் ஒரு கம்பிவேலியும் வையுங்கள். பழைய ஒயரின் ஒற்றை இழைச் செம்புக்கம்பியை இரண்டாக முறுக்கினால் போதும், முள் இந்த அளவில் கண்ணுக்கே தெரியாது. உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் அடர்பழுப்பை முழுக்க அடித்து, தூணைத் தொடும் இடங்களில் ஆரஞ்சுப் பழுப்பை மட்டும் வைத்து, அங்கிருந்து கல்தூணில் கீழ்நோக்கி ஒரு மெல்லிய துருக்கோடு இழுத்துவிடுங்கள்.