மலையகத்து வெளிச்சத்தில் ஒளிப்பதிவு பழகலாம்: தொடக்கக்காரர்களுக்கு ஒரு செய்முறை

அட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ் கித்துல்கலவைத் தாண்டும்போது கீழே களனி கங்கை தெரியும். அந்த ஆற்றங்கரையில் எடுத்த ஓர் ஆங்கிலப் போர்ப் படத்துக்குத்தான் ஜாக் ஹில்டியார்ட் சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வாங்கினார். மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, இருக்கிற வெளிச்சத்தை வைத்தே படமெடுப்பதில் பெயர் வாங்கினார். இந்தத் தொழில் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்தக் கமரா வாங்கலாம் என்று. இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், கையில் இருக்கிற போன் போதும். வெளிச்சத்தைப் பார்த்து முடிவெடுக்கத்தான் ஒளிப்பதிவாளருக்குச் சம்பளம். அந்தப் பார்வையைப் பழக மலையகம் அருமையான இடம். ஒரே காலையில் வெயில், மூடுபனி, தூறல் மூன்றும் வந்து போகும்.

படி 1: போனைத் தானாக முடிவெடுக்க விடாதீர்கள்

பிளாக்மேஜிக் கமரா என்ற செயலி இலவசம். அது உங்கள் போனில் ஓடாவிட்டால், போனிலேயே 'புரோ வீடியோ' இருக்கிறதா என்று பாருங்கள். அதில் மூன்றைப் பூட்ட வேண்டும்.

வினாடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்), ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழுகிற நேரம்) 1/50 வினாடி. நம் நாட்டுத் தொலைக்காட்சிக் கணக்கு 25. மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். போன் வழக்கமாக 30 பிரேமில் எடுக்கும், ஷட்டரையும் தன் இஷ்டத்துக்கு மாற்றும். அதனால்தான் கோவில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது. 1/50 அல்லது 1/100 வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவு, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கூடினால் இருட்டுப் பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நிறச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்கான அமைப்பு) வெயிலில் 5600 கெல்வின், பனியிலும் மப்பிலும் 6500, மஞ்சள் குண்டு பல்பில் ஏறத்தாழ 3000 என்று நீங்களே வையுங்கள். போனிடம் விட்டால், தேயிலைப் பச்சை பிரேமை நிறைக்கும்போது அது குழம்பி முகத்தை ரோஸ் நிறமாக்கும்.

படி 2: பனிக்குள் ஒரு முகம்

பனி நிறைந்த பிரேமைப் போன் 'வெளிச்சம் அதிகம்' என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கும். பனி சாம்பலாகும், நம் ஆட்களின் முகம் கரியாகும். எங்கள் அம்மாமாரின் முகங்களை இப்படி இருட்டாக எத்தனையோ வீடியோக்களில் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. வெளிச்ச அளவை முகத்தில் எடுத்துப் பூட்டுங்கள். பின்னால் பனி வெளுத்துப் போனால் போகட்டும்.

இன்னொன்று. கொழுந்து எடுப்பவரின் முகவாய்க்குக் கீழே இலேசாகப் பச்சை படிவதைக் கவனித்திருக்கிறீர்களா? இடுப்பளவு தேயிலைச் செடியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அது. பிரேமுக்கு வெளியே, அவருடைய நெஞ்சளவில் ஒரு வெள்ளை உரச் சாக்கை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பச்சை குறையும், கண்ணுக்குள் ஒரு பளிச்சும் வரும்.

படி 3: லயன் காம்பராவில் ஒரு காலை

இதைத்தான் நன்றாகச் செய்து பழக வேண்டும். தோட்டத்து வரிசை வீட்டின் (லயத்தின்) சின்ன அறை, ஒரு வாசல், இருந்தால் ஒரு ஜன்னல், பகலிலும் இருட்டு. பெரிய படப்பிடிப்பில் கறுப்புத் துணி கட்டி உண்டாக்குகிற சூழல் இங்கே சும்மா கிடைக்கிறது.

அம்மா ரொட்டி தட்டுகிற நேரத்தைப் பிடியுங்கள். முதலில் பல்பை அணையுங்கள். பல்பின் மஞ்சளும் வாசல் வெளிச்சத்தின் நீலமும் கலந்தால் எந்த நிறமும் உருப்படாது. அம்மாவை வாசலிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, வாசல் அவருக்குப் பக்கவாட்டில் வருமாறு உட்கார வையுங்கள். போன் நிற்க வேண்டியது அவருடைய நிழல் விழும் பக்கம். வாசல் பக்கமிருந்து எடுத்தால் முகம் தட்டையாகத் தெரியும். நிழல் பக்கமிருந்து எடுத்தால் ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் இருட்டிலும் இருக்கும், மூக்கும் கன்ன எலும்பும் உருவெடுக்கும். இருட்டு அதிகமென்றால் நிழல் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள், போதும்.

அடுப்புப் புகை இருந்தால் இன்னும் நல்லது. வெளிச்சம் புகைக்குப் பின்னாலிருந்து உங்களை நோக்கி வந்தால்தான் புகை தெரியும். உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் காணாமல் போய்விடும். இஸ்தோப்பு (வீட்டு முன் விறாந்தை) பக்கம் நின்று ஒன்று, உள்ளே நின்று ஒன்று எடுத்துப் பாருங்கள்.

இப்போது ஐந்து ஷாட். அறை முழுவதும், இடுப்பு வரை அம்மா, மாவில் கை, முகம், அவர் பார்க்கிற நெருப்பு. ஒவ்வொன்றையும் போனை அசைக்காமல் பத்து வினாடி பிடியுங்கள். ஐந்தையும் அம்மாவுக்கு ஒரே பக்கமிருந்து எடுங்கள். எதிர்ப் பக்கம் போனால், ஒட்டும்போது அவர் திடீரென்று வேறு திசையில் பார்ப்பது போல இருக்கும்.

படி 4: எந்த மலை, எந்த மாதம்

நாம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் மளமளவென்று மேலேறிவிடும். பொன்னிற வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. பள்ளத்து லயத்துக்கு மலையைத் தாண்டி வெயில் வந்து சேரும்போது அந்தப் பொன்னிறம் போயே போயிருக்கும். காலை வெளிச்சம் வேண்டுமானால் கிழக்கைப் பார்த்த சரிவு, மாலைக்கு மேற்கைப் பார்த்த சரிவு. முதல் நாளே போய்ப் பார்த்து வையுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மஸ்கெலியா, அட்டன், தலவாக்கலைப் பக்கம் கொட்டும். அப்போது பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்திருக்கும். டிசம்பரில் பெரும்பாலும் மறுவளம். ஒரே நாளில் எடுத்த மாதிரித் தெரிய வேண்டிய காட்சியை இதைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் கமராவை வெளியே எடுக்காதீர்கள். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் லென்ஸில் நீர் கோத்துவிடும். பற்றரி சட்டை உட்பைக்குள் இருக்கட்டும்.

படி 5: கேட்டுவிட்டு எடுங்கள்

தோட்டத்துக்குள் எடுக்கத் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) அனுமதி, ரயில் பாதைக்கு ரயில்வே அனுமதி, ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி. இதெல்லாம் காகிதம். அதைவிட முக்கியம், கொழுந்து எடுக்கிற அக்காவிடம் கேட்பது. அவருக்கு நிறுவைக் கணக்கு இருக்கிறது. வேலை நேரத்தில் நிறுத்திவைத்துச் சிரிக்கச் சொன்னால் அந்த நாள் கூலியில் கை வைக்கிறீர்கள். கூடையும் சிரிப்புமாக ஏற்கனவே எத்தனையோ படங்கள் இருக்கின்றன. அட்டை கடித்த காலும், படங்குத் துணி கட்டிய இடுப்பும், கொழுந்தை நிறுத்து முடித்தபின் மடுவத்தில் (நிறுவை நடக்கிற கொட்டகையில்) உட்கார்ந்து வெற்றிலை போடுகிற முகமும் நம் பிள்ளைகள் எடுத்தால்தான் உண்டு. எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள்.

படி 6: வேலைக்குள் நுழைவது

ஒளிப்பதிவாளராக நேராக யாரும் எடுக்க மாட்டார்கள். உதவியாளராகத்தான் தொடங்க வேண்டும். பற்றரி ஏற்றுவது, லென்ஸ் துடைப்பது, மெமரி கார்டுக்குப் பெயர் எழுதி இரண்டு பிரதி எடுத்து வைப்பது. பிறகு ஃபோகஸ் பிடிக்கிற வேலை வரும். கலியாண வீடியோவைக் குறைவாக நினைக்க வேண்டாம். தாலி கட்டுவதை இரண்டாம் தடவை எடுக்க முடியாது, அந்த அவசரத்தில் கை பழகும். மாசியில் காமன் கூத்து நடக்கிற தோட்டமென்றால் இரவு முழுக்கப் போய் நில்லுங்கள். குறைந்த வெளிச்சத்தில் ஓடுகிற ஆட்களை எடுக்க அதுவே பள்ளிக்கூடம். முறைப்படி படிக்க நினைப்பவர்கள் கொழும்பிலுள்ள இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவகத்தில் விசாரிக்கலாம். சிங்களம் கொஞ்சம் பேச வந்தால் படப்பிடிப்பு யூனிட்டில் வேலை சுலபம்.

வேலை கேட்கப் போகும்போது காட்ட ஒரு நிமிட வீடியோ போதும். பனி முகம், லயன் காம்பரா, இரவுக் கூத்து மூன்றிலிருந்தும் நல்லதை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். சிறந்த ஷாட் முதல் ஐந்து வினாடிக்குள் வரட்டும். அதற்கு மேல் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. கடைசியில் உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும்.