சூப்பர்சார்ஜர் எஞ்சினில் கிராங்க்கேஸ் காற்றோட்டம்: செக் வால்வில் நான் ஏமாந்த இடம்

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பொருத்திய சில நாட்களிலேயே என் காரின் டிப்ஸ்டிக் (ஆயில் அளவுக்குச்சி) தன் குழாயிலிருந்து ஒரு விரலளவு மேலெழும்பி நின்றது. வால்வு கவரின் விளிம்பெங்கும் ஆயில் கசிந்திருந்தது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் இறங்கும் வாயுவுக்குப் போக்கிடம் இல்லையென்றால் இப்படித்தான் ஆகும்.

முதலில் த்ராட்டில் (காற்றின் வரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகளில் அது பொதுவாகச் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள பகுதியில் பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) ஏறுவதில்லை. கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினுக்கே திருப்பும் பிசிவி ஹோஸை அங்கே இணைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. என்னுடையது சென்ட்ரிஃபியூகல். அதில் த்ராட்டில் பின்னால் இருப்பதால், ஐடிலில் வெற்றிடமாக இருக்கும் அதே மேனிபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பூஸ்ட் ஏறிவிடும்.

ஆகவே இரண்டு ஹோஸ்கள் தேவை. ஒன்று, வால்வு கவரிலிருந்து பிசிவி வால்வு, கேட்ச் கேன் (ஆயிலைப் பிரித்துச் சேர்க்கும் டப்பா), செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் வழிவிடுவது) என்ற வரிசையில் மேனிபோல்டுக்குச் செல்லும். மற்றது, எதிர்ப்பக்க வால்வு கவரிலிருந்து, காற்றளவு சென்சாருக்குப் பின்னும் சூப்பர்சார்ஜருக்கு முன்னும் உள்ள இன்டேக் குழாய்க்குச் செல்லும். ஐடிலில் இதன் வழியே புதுக்காற்று உள்ளே வரும், பூஸ்ட்டில் வாயு வெளியே போகும். எனவே இதில் செக் வால்வு போடக் கூடாது. ஆனால் இதற்கும் தடுப்புத் தகடுள்ள ஒரு கேட்ச் கேன் வேண்டும். இல்லையேல் ஆயில் ஆவி, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் படிவதோடு, எரிகலவையில் கலந்து நாக்கிங்கையும் (கலவை நேரந்தவறி எரிந்து தட்டுவது) வரவழைக்கும்.

நான் இடறியது செக் வால்வில். வாயால் ஊதிப் பார்த்தேன், அடைத்தது, நம்பிப் பொருத்தினேன். வாயால் தரக்கூடிய அழுத்தமோ 0.5 பார் பூஸ்ட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. பிறகு கம்ப்ரசரின் ரெகுலேட்டரை என் பூஸ்ட் அளவில் வைத்து, மேனிபோல்டு பக்கமாகக் காற்றைச் செலுத்தி, மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பிளாஸ்டிக் வால்வைத் தூக்கி எறிந்துவிட்டு உலோக உடல் கொண்டதை வாங்கினேன், இன்றுவரை அதையே பரிந்துரைக்கிறேன். அதன் அம்புக்குறி மேனிபோல்டை நோக்கி இருக்க வேண்டும். மேனிபோல்டுக்கு அருகிலேயே பொருத்தினால் கேட்ச் கேன் பூஸ்ட்டைத் தாங்க வேண்டியிராது.

சோதிக்க, டிப்ஸ்டிக் குழாயில் கண்ணாடி போன்ற ஹோஸை மாட்டி, அதை U வடிவில் வளைத்துச் சாயநீர் ஊற்றலாம். U-வின் இரு பக்கங்களின் நீர்மட்ட வேறுபாடு 10 செ.மீ. என்றால் அழுத்த வேறுபாடு ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். ஐடிலில் நீர் எஞ்சின் பக்கம் சற்றே ஏற வேண்டும். ஓட்டும்போது இந்த வித்தை வேண்டாம், எஞ்சினுக்குள் நீர் போய்விடும்; குறை அழுத்த மானியைப் பயன்படுத்துங்கள்.

வெளிக்காற்றில் திறந்துவிடும் பிரீதர் ஃபில்டர் எளிதுதான். ஆனால் ஆயில் நாற்றம் அடிக்கும், ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே தங்கும், பல நாடுகளில் சாலை வாகனத்துக்குச் சட்டமும் இடந்தராது. எக்ஸாஸ்ட் வழியே உறிஞ்சும் முறையும் பெல்ட்டில் சுழலும் வேக்யூம் பம்பும் பந்தயக் கார்களுக்கு உரியவை. சைலன்சரின் எதிரழுத்தம் முன்னதைப் பயனற்றதாக்கிவிடும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். அவர் போட்டிருந்த ஹீட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி இளகி, வெற்றிடத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிலுக்கென்றே செய்த, உட்புற வலுவூட்டலுள்ள ஹோஸையே வாங்குங்கள். குளிர்ப் பிரதேசத்தில் ஓட்டுபவர்கள் கேட்ச் கேனை அடிக்கடி வடித்துவிட வேண்டும். அதில் தேங்கும் நீர் உறைந்தால் வழியே அடைபட்டுப்போகும்.